உலோக விலைக்கு மேலே: ஆஸ்திரேலியாவின் அரிய தங்கக் காசுகள்

ஒரு தங்கக் காசின் விலையில் மூன்று கூறுகள் கலந்திருக்கின்றன. முதலாவது, அதில் உள்ள தங்கத்துக்கு அன்றைய சந்தை தரும் விலை. இரண்டாவது, காசை அடித்து விற்பனைக்குக் கொண்டுவரும் செலவும் வணிகரின் லாபமும். நகைக்கடையில் செய்கூலி என்று கேட்பதற்கு இது ஏறக்குறைய நிகர். மூன்றாவது, காசு அரியது என்பதற்காகச் சேகரிப்பாளர் மனமுவந்து தரும் மேல்விலை. முதல் இரண்டையும் யாரும் கணக்கிட்டுவிடலாம். மூன்றாவதுதான் சிக்கலானது. அக்கசாலையின் ஏடு சொல்லும் எண்ணிக்கை, இன்று மிஞ்சியிருக்கும் எண்ணிக்கை, அதை வாங்க விரும்புவோரின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. விற்பனை விளம்பரங்கள் ஏடு சொல்லும் எண்ணிக்கையை மட்டுமே பெரிய எழுத்தில் போடுகின்றன. ஆஸ்திரேலியத் தங்கக் காசுகளின் வரலாற்றைப் பார்த்தால், மூன்றிலும் மிகக் குறைவாகப் பயன்படுவது அதுதான் என்று தெரியவரும்.

1851இல் நியூ சவுத் வேல்ஸின் ஓஃபிர் பகுதியில் எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் தங்கம் இருப்பதை அறிவித்தார். அதே ஆண்டில் விக்டோரியாவின் பாலராட், பெண்டிகோ வயல்களும் திறந்தன. அண்டைக் குடியேற்றமான தென் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆண்கள் கூட்டம் கூட்டமாக விக்டோரியாவுக்குக் கிளம்பினார்கள். கையில் இருந்த நாணயங்களும் அவர்களோடு போயின. அடிலெய்டு நகரில் கொடுக்கல் வாங்கலுக்கே காசு இல்லாத நிலை. 1852 ஜனவரியில் அங்குள்ள சட்டமன்றம் ஒரே நாளில் கட்டித்தங்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தரம் பார்த்து முத்திரையிடும் அலுவலகம் ஒன்று அடிலெய்டில் பிறந்தது. தங்கத்துக்கு அவுன்சுக்கு 71 ஷில்லிங் என்று விலையும் குறிக்கப்பட்டது. விக்டோரிய வயல்களில் கிடைத்ததைவிட அது கணிசமாகக் கூடுதல். அலெக்சாண்டர் டோல்மர் தலைமையில் காவல் படையொன்று மவுண்ட் அலெக்சாண்டரிலிருந்து தங்கத்தை வண்டியேற்றி அடிலெய்டுக்குக் கொண்டுவந்தது.

அந்த அலுவலகம் அதே ஆண்டின் பிற்பகுதியில் அடித்ததுதான் அடிலெய்டு பவுண்டு. அச்சை வெட்டியவர் ஜோஷுவா பெய்ன். முதல் சில பத்துக் காசுகள் அடித்ததுமே பின்புற அச்சில் விரிசல் விழுந்தது. வேறு வடிவமைப்பில் புதிய அச்சு பூட்டப்பட்டது. மொத்தம் 24,648 காசுகள் வெளிவந்தன. இன்று எஞ்சியிருப்பவை சில நூறு என்றே நாணயவியலாளர்கள் கணிக்கிறார்கள். மற்றவை தொலைந்துபோகவில்லை, உருக்கப்பட்டன. காசில் இருந்த தங்கம் லண்டன் விலையில் ஒரு பவுண்டைவிட அதிகம் பெறுமானமுள்ளதாக இருந்தது. பவுண்டு என்று கொடுத்தால் நட்டம், உருக்கி விற்றால் லாபம். உலோக மதிப்பு முகமதிப்பைத் தாண்டிய கணத்திலேயே காசு அழியத் தொடங்கியது. அந்த அழிவே எஞ்சிய சிலவற்றை விலைமதிப்பற்றவையாக்கியது. விரிசலோடு அடிக்கப்பட்ட முதல் வகைக் காசு ஆஸ்திரேலிய நாணயவியலின் உச்சப் பொருள்களில் ஒன்று. அந்த விரிசலின் தடம் வேறெந்தக் காசிலும் குறையாகவே எண்ணப்படும். இதில் அதுவே அடையாளச் சான்று.

லண்டனின் ராயல் மின்ட் இங்கிலாந்துக்கு வெளியே திறந்த முதல் கிளை சிட்னி அக்கசாலை. மெக்குவாரி தெருவில், பழைய ரம் மருத்துவமனையின் தென்புறக் கட்டடத்தில் அது 1855 மே மாதம் இயங்கத் தொடங்கியது. 1870 வரை அங்கு அடித்த சவரன்களின் பின்புறத்தில் பிரிட்டிஷ் கேடயம் கிடையாது. ‘சிட்னி மின்ட்’, ‘ஆஸ்திரேலியா’, ‘ஒன் சவரன்’ என்றே பொறிக்கப்பட்டிருக்கும். 1857 முதல் விக்டோரியா அரசியின் கூந்தலில் பாங்க்சியா என்ற ஆஸ்திரேலியச் செடியின் இலைமாலை சூட்டப்பட்டது. தொடக்கக் காலக் காசுகள் லண்டன் காசுகளைவிட வெளிர்மஞ்சளாகத் தெரியும். லண்டனில் தங்கத்தோடு செம்பு கலந்தார்கள். சிட்னியில் சுரங்கத்திலிருந்து தங்கத்தோடு வந்த வெள்ளியைப் பிரிக்கும் மலிவான வழி அப்போது இருக்கவில்லை. அந்த வழியை அதே அக்கசாலையின் தர ஆய்வாளர் பிரான்சிஸ் போயர் மில்லர் 1867இல் கண்டார். உருகிய தங்கத்தில் குளோரின் வாயுவைச் செலுத்தி வெள்ளியைப் பிரிக்கும் அவருடைய முறை இன்றும் உலகச் சுத்திகரிப்பாலைகளில் நடைமுறையில் இருக்கிறது.

1855ஆம் ஆண்டுச் சவரன் 5,02,000 அடிக்கப்பட்டது. அரைச் சவரன் 21,000 மட்டும். இங்கு எண்ணிக்கையும் அருமையும் ஒத்துப்போகின்றன. 1855 அரைச் சவரன் தேயாமல் கிடைப்பது மிக அரிது. அதன் ஏல விலைக்கும் அதில் உள்ள 4 கிராமுக்குக் குறைவான உலோகத்துக்கும் தொடர்பே இருக்காது. தங்கம் இரட்டிப்பானாலும் பாதியானாலும் இத்தகைய காசின் விலை அதைக் கவனிப்பதில்லை.

மெல்போர்ன் கிளை 1872இலும் பெர்த் கிளை 1899இலும் திறந்தன. 1871 முதல் ஆஸ்திரேலியக் காசுகள் லண்டன் வடிவமைப்பையே ஏற்றன. எந்த ஊர்க் காசு என்பதைக் காட்ட S, M, P என்று ஓர் எழுத்து மட்டும் மிஞ்சியது. ஜார்ஜ் மன்னர் காலத்துச் சவரனில் அதைத் தேட உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். புனித ஜார்ஜின் குதிரை மிதித்து நிற்கும் தரைக்கோட்டின் நடுவில், ஆண்டுக்கு நேர் மேலே, கடுகைவிடச் சிறிய எழுத்தாக அது இருக்கும். இளம் விக்டோரியா உருவமும் புனித ஜார்ஜும் உள்ள காசில் அரசியின் கழுத்துக்குக் கீழேயும், கேடயக் காசில் மாலைக்கு அடியிலும் பார்க்க வேண்டும். ஒரே ஆண்டு, ஒரே எடை, ஒரே முகம் கொண்ட இரண்டு காசுகளில் ஒன்று உலோக விலைக்கும் மற்றொன்று அதைப் போலப் பல மடங்குக்கும் விற்பதற்கு இந்த ஓர் எழுத்தே காரணமாகலாம்.

எல்லாச் சவரனும் 7.988 கிராம் எடை, 22 காரட், 7.32 கிராம் சுத்தத் தங்கம் என்ற ஒரே அளவில் அடிக்கப்பட்டவை. தமிழ்நாட்டு நகைக்கடையின் 8 கிராம் சவரன் இந்தக் காசின் எடையிலிருந்து வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவின் தேவை பெருகியதால் 1918இல் பம்பாயிலேயே ஏறக்குறைய 13 லட்சம் சவரன்கள் அடிக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் தங்கிய காசுகளில் பல காசுமாலையாகவும் பதக்கமாகவும் மாறின. வளையம் பற்றவைத்த தடம் விளிம்பில் இருந்தால் சேகரிப்பாளர் விலகிப்போவார். அந்தக் காசு உலோகத்தின் விலைக்கே திரும்பிவிடும்.

அச்சு எண்ணிக்கையை நம்புவது எவ்வளவு தவறு என்பதை 1920களின் காசுகள் காட்டுகின்றன. மெல்போர்ன் அக்கசாலை 1929இல் 4,36,719 சவரன்களை அடித்ததாக ஏடு சொல்கிறது. 1930க்கு அந்த எண் 77,588. 1931க்கு அதைவிடவும் குறைவு. ஏட்டை மட்டும் பார்ப்பவர் 1930, 1931 காசுகளையே அரியவை என்பார். சந்தையில் தலைகீழ். 1929 மெல்போர்ன் காசு அரிய பட்டியலில் இருக்கிறது, அடுத்த இரண்டு ஆண்டுகளின் காசுகள் எளிதாகக் கிடைக்கின்றன. சிட்னியின் 1922, 1923 காசுகளும் நான்கு, ஐந்து லட்சம் அடிக்கப்பட்டும் அரியவையே. உச்சம் 1920 சிட்னி சவரன். ஏட்டில் 3,60,000, இன்று அறியப்பட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த ஆண்டில் அடித்தவற்றில் பெரும்பகுதி முந்தைய ஆண்டு பொறித்த அச்சுகளால் ஆனவையாக இருக்கலாம் என்பது நாணயவியலாளர் சிலரின் விளக்கம். ஏட்டின் எண் அந்த ஆண்டின் உற்பத்தியைச் சொல்கிறதே தவிர, காசின் மேல் பொறித்த ஆண்டைச் சொல்லவில்லை.

அடித்தும் இன்று காணக் கிடைக்காத மற்றக் காசுகள் போன இடம் வங்கிகளின் பெட்டகம். போருக்குப் பின் தங்கக் காசு மக்கள் கையில் புழங்கவில்லை. அடித்தவை பைகளில் கட்டியபடியே வங்கி இருப்பாக அடுக்கப்பட்டன. 1929 டிசம்பரில் வந்த சட்டத்தால் நாட்டின் தங்கத்தைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும் அதிகாரம் காமன்வெல்த் வங்கிக்குக் கிடைத்தது. கம்பளி, கோதுமை விலைகள் சரிந்திருந்த நேரம். வெளிநாட்டுக் கணக்கைத் தீர்க்கத் தங்கம் கப்பலேறியது. போன இடத்தில் காசுகள் கட்டிகளாயின. எந்த ஆண்டுப் பை கப்பலேறியது, எது பெட்டகத்தின் மூலையில் தப்பியது என்பதை யாரும் திட்டமிடவில்லை. 1931இல் சவரன் அடிப்பதே நின்றது.

இதற்கு நேர்மாறாக, இல்லை என்று கருதப்பட்ட காசுகள் திரும்பி வருவதும் உண்டு. 1882இல் ஸ்பெயினின் வடமேற்கு முனைக்கு அப்பால் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கிய ஆர்.எம்.எஸ். டூரோவின் தங்கம் 1995இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு லண்டனின் ஸ்பிங்க் நிறுவனத்தில் ஏலம் போனது. அதில் ஆஸ்திரேலியச் சவரன்கள் ஏராளம். தங்கம் துருப்பிடிக்காது என்பதால் நல்ல நிலையிலும் இருந்தன. அதுவரை நல்ல தரத்தில் கிடைக்காத சில ஆண்டுகளுக்கு ஒரே நாளில் போட்டி வந்தது. எஞ்சியிருக்கும் எண்ணிக்கையும் உறுதியான எண் அல்ல. இன்றுவரை தெரிந்த எண் மட்டுமே.

நவீனக் காலத்தில் காசு புழக்கத்துக்கு அல்ல, விற்பனைக்கே அடிக்கப்படுகிறது. எண்ணிக்கையை அக்கசாலையே வரம்பிட்டு அறிவிக்கிறது. இங்கு கணக்கு வேறாகிறது. கான்பெராவில் 1965இல் திறந்த ராயல் ஆஸ்திரேலியன் மின்ட், 1980 முதல் கோவாலா உருவத்தோடு 200 டாலர் தங்கக் காசை வெளியிட்டது. 10 கிராம், 22 காரட். சுத்தத் தங்கம் 9.17 கிராம். முதல் ஆண்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. பிறகு ஆர்வம் வடிய, 1980களின் நடுவில் அதில் சிறு பங்கே வெளிவந்தது. 1990களின் பெரும்பகுதியில் தங்கம் அவுன்சுக்கு 500 ஆஸ்திரேலிய டாலரையொட்டியே கிடந்தது. அந்த விலையில் காசின் உலோகம் 150 டாலரைக்கூட எட்டாது. முகமதிப்போ 200 டாலர். அதாவது, அந்தக் காசின் தரைவிலையைத் தங்கம் அல்ல, அரசு பொறித்த எண்ணே தாங்கியது. அடிலெய்டு பவுண்டின் கதை இங்கே கவிழ்ந்து நிற்கிறது. தங்கம் ஏறியபின் நிலை மாறி, முதல் ஆண்டின் காசும் குறைவாக அடித்த ஆண்டின் காசும் இன்று பெரும்பாலும் உலோக விலையையொட்டியே கைமாறுகின்றன. எண்ணிக்கையில் பெரும் வேறுபாடு இருந்தும், தேடுவோர் குறைவாக இருப்பதால் விலையில் அது தெரிவதில்லை.

பெர்த் அக்கசாலையின் வழி வேறு. 1970இல் மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசின் கைக்கு வந்த அது, 1986-87இல் 99.99 விழுக்காடு தூய்மையில் நகெட் காசுகளை அறிமுகப்படுத்தியது. முதல் வரிசையில் புகழ்பெற்ற தங்கக் கட்டிகளே உருவங்கள். 1869இல் விக்டோரியாவின் மோலியாகலில் கிடைத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் ஓர் அவுன்ஸ் காசிலும், 1980இல் உலோகங்காட்டிக் கருவியால் கிடைத்த ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் அரை அவுன்ஸ் காசிலும் இடம்பெற்றன. 1980களின் முடிவில் உருவம் கங்காருவுக்கு மாறியது. ஆண்டுக்கு ஒரு புதிய கங்காரு. தென்னாப்பிரிக்க க்ரூகராண்டும் கனடாவின் மேப்பிள் இலையும் ஆண்டுதோறும் ஒரே முகத்தோடு வரும்போது, இங்கே ஒவ்வோர் ஆண்டும் தனிக் காசானது. கட்டித்தங்கத்துக்கும் சேகரிப்புப் பொருளுக்கும் நடுவில் நிற்கும் வகை இப்படித்தான் உருவானது. இவற்றின் முகமதிப்பு அவுன்சுக்கு 100 டாலர். உலோகத்தோடு ஒப்பிட்டால் பெயரளவுக்கானது, தாங்கும் தரை அல்ல.

பெர்த்தின் சீன ராசி ஆண்டு வரிசை இந்த வகையில் மிகவும் தேடப்படுவது. முதல் வரிசை 1996இல் எலியில் தொடங்கி 2007இல் பன்றியில் முடிந்தது; இரண்டாவது 2008 முதல் 2019 வரை; மூன்றாவது 2020இல் தொடங்கியது. ஓர் அவுன்ஸ் காசுக்கு உச்ச வரம்பு 30,000. உச்ச வரம்பு என்பது அடிக்கப்பட்ட எண்ணிக்கை அல்ல. டிராகன் போன்ற விருப்பமான விலங்குகளின் காசுகள் வரம்பைத் தொட்டு விற்றுத் தீரும். விருப்பம் குறைந்த ஆண்டில் அச்சு எண்ணிக்கை வரம்புக்கு வெகு கீழே நின்றுவிடலாம். ஆகவே அருமை ஒரு பக்கமும் விருப்பம் மறுபக்கமும் இழுக்கின்றன. அதிகம் அடித்த டிராகனுக்கே மேல்விலை கூடுதலாக இருப்பதும், குறைவாக அடித்த வேறு விலங்குக்கு அப்படி இல்லாததும் வழக்கம். டிராகன் ஆண்டில் பிள்ளை பெற விரும்பும் சமூகங்கள் டிராகன் காசையும் விரும்புகின்றன. இதை எந்தச் சான்றிதழிலும் அச்சிட முடியாது. எண்ணிக்கை வரம்பின் எல்லைக்கு உதாரணம் தேடினால், 2011இல் பெர்த் அடித்த ஒரு டன் கங்காரு காசு இருக்கிறது. ஒன்றே ஒன்று, முகமதிப்பு பத்து லட்சம் டாலர், குறுக்களவு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். காட்சிப் பொருளாகவே இருக்கிறது.

சேகரிப்பாளருக்கென்றே மெருகேற்றி அடிக்கும் புரூஃப் வகைக் காசுகள், உயர்புடைப்புக் காசுகள், வண்ணமிட்ட காசுகள் ஆகியவற்றில் சில நூறு அல்லது சில ஆயிரம் என்ற வரம்பு சாதாரணம். அவற்றின் வெளியீட்டு விலையில் மேல்விலையின் பங்கு பெரிது. அதை ஒரு கணக்கால் பார்க்கலாம். தங்கம் அவுன்சுக்கு 1,000 டாலர் இருக்கும்போது ஒருவர் ஓர் அவுன்ஸ் புரூஃப் காசை 1,600 டாலருக்கும், மற்றொருவர் கட்டித்தங்கக் காசை 1,050க்கும் வாங்குகிறார்கள் என்று கொள்வோம். தங்கம் 4,000க்கு ஏறியபின் இரண்டுக்கும் வணிகர் உலோக விலையையே தருகிறார். முதலாமவருக்கு இரண்டரை மடங்கு. இரண்டாமவருக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. தங்கம் 1999இல் அவுன்சுக்கு 252 அமெரிக்க டாலர் வரை இறங்கி, 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. இத்தகைய ஏற்றத்தில் பழைய மேல்விலை பலவும் உலோகத்துக்குள் கரைந்துபோனது. விற்றவர் நட்டப்படவில்லை, ஆனால் அரியது என்று கொடுத்த கூடுதல் பணம் திரும்பவில்லை. ஏற்றத்தை மேல்விலைக்குப் பெருமையாகச் சொல்லும் வணிகப் பேச்சில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

தரம் என்பது தனிக் கணக்கு. அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. நிறுவனங்கள் காசை 1 முதல் 70 வரை தரப்படுத்திப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகின்றன. பழைய சவரன் பைகளில் உரசிப் பயணித்தது. கன்னத்திலும் வெற்றுவெளியிலும் கீறல் இல்லாத காசு அரிது. ஆகவே 65ஆம் தரத்துக்கு மேல் ஒவ்வொரு படியும் விலையைத் தாவவைக்கிறது. நவீனக் காசு அக்கசாலையிலிருந்தே மூடிய உறையில் வருகிறது. அதில் 70ஆம் தரம் ஏராளம். அங்கே 70க்கு என்று பெரிய மேல்விலை தருவது, எல்லோரும் முதல் மதிப்பெண் வாங்கிய வகுப்பில் முதலிடத்துக்குப் பரிசு தருவதாகும். தங்கம் மென்மையானது, துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாலே மேற்பரப்பின் இயல்பு ஒளி போய்விடும், துடைத்த காசை அனுபவசாலி ஒரு பார்வையில் கண்டுகொள்வார்.

போலிகள் இரண்டு வகை. 1950, 60களில் பெய்ரூட் பட்டறைகள் சவரனைத் தங்கத்திலேயே அடித்தன. அவற்றில் உலோகம் பெரும்பாலும் சரியாக இருக்கும், எழுத்தும் முடியிழையும் மழுங்கியிருக்கும். உலோக விலைக்கு வாங்கியவருக்கு இது பெரிய இழப்பல்ல. அரிய ஆண்டு என்று வாங்கியவருக்கே முழு இழப்பு. மற்றது, முலாம் பூசிய காசுகள். 22 காரட் காசின் ஒப்படர்த்தி 17.5 அளவில் இருக்கும். எடையும் குறுக்களவும் தடிமனும் ஒருசேரப் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் பல போலிகள் விழுந்துவிடும். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. டங்ஸ்டன் அதற்கு மிக அருகில் வருவதால், 99.99 தூய்மைக் காசில் இந்தச் சோதனை மட்டும் போதாது.

ஆஸ்திரேலிய வரிச் சட்டம் இந்த எல்லைக்கோட்டைத் தன் பாணியில் வரைகிறது. 2000 ஜூலையில் வந்த சரக்கு, சேவை வரியின் பார்வையில், குறைந்தது 99.5 விழுக்காடு தூய்மையும் முதலீட்டு வடிவமும் உள்ள தங்கமே மதிப்புமிக்க உலோகம். 22 காரட் சவரனும் 200 டாலர் காசும் தூய்மையாலேயே அதற்கு வெளியே நின்றுவிடுகின்றன. 99.99 தூய்மை உள்ள காசும், அதன் விலை உலோகச் சந்தையைப் பின்பற்றாமல் சேகரிப்பு மதிப்பால் அமைந்தால், முதலீட்டு வடிவம் என்ற தகுதியை இழக்கலாம். மூலதன ஆதாய வரியில் நாணயங்கள் சேகரிப்புப் பொருள்கள். 500 டாலர் அல்லது அதற்குக் குறைவாக வாங்கியவற்றின் லாபம் கணக்கில் சேராது; இவற்றில் வந்த நட்டத்தை இவற்றின் லாபத்தில் மட்டுமே கழிக்கலாம்.

சொந்தமாக நிர்வகிக்கும் ஓய்வூதிய நிதிகளுக்கு விதி இன்னும் நேரடியானது. ஒரு கட்டித்தங்கக் காசின் மதிப்பு அதன் உலோக மதிப்பைத் தாண்டி, அது உலோக விலைக்கு மேல் வாங்கி விற்கப்பட்டால், வரித்துறை அதைச் சேகரிப்புப் பொருள் என்றே கொள்கிறது. 2011 ஜூலை முதல், அப்படிப்பட்ட காசை நிதியின் உறுப்பினரோ உறவினரோ தம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வாங்கிய ஏழு நாளுக்குள் நிதியின் பெயரில் காப்பீடு செய்ய வேண்டும். உறவினருக்கே விற்பதானால் தொடர்பில்லாத மதிப்பீட்டாளர் ஒருவர் அதன் சந்தை விலையைக் குறிக்க வேண்டும்.